முனையில் லைற்றுக்கு வந்த புழு: நடுக்கடல் சாதியா, கரைச் சாதியா?

முனைக்காற்று
வணக்கம் உறவுகளே. முந்தநாள் இரவு ஒன்பதரை மணி போல பருத்தித்துறை முனைப் பக்கம் ஜெற்றியில் கணவாய்க்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தேன். அமாவாசை கழிந்து மூன்றாம் நாள். கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. எல்ஈடி லைற்றைத் தண்ணீருக்கு நேரே பிடித்ததும் முதலில் கூனி வந்தது, பிறகு மீன்குஞ்சு, அப்புறம் இது. ஒரு புழு. சுண்டுவிரல் நீளம். லைற் வட்டத்துக்குள் பம்பரம் மாதிரிச் சுழன்று நீந்துகிறது. ஐந்து நிமிடத்துக்குள் இருபது முப்பது சேர்ந்துவிட்டன. முன்பாதி பச்சை கலந்த மண்ணிறம், பின்பாதி இளஞ்சிவப்பு. தலையில் உடம்புக்குப் பொருத்தமில்லாத பெரிய கண்.

வாளியால் அள்ளி இரண்டைப் போத்தலில் கொண்டுவந்தேன். இணையத்தில் "பெரிய கண், நீந்தும் கடற்புழு" என்று தேடினால் வனாடிஸ் என்று ஒன்று வருகிறது. நடுக்கடலிலேயே பிறந்து நடுக்கடலிலேயே சாகும் பொலிகீற்றா, அதாவது மயிர்க்கற்றை உள்ள கடற்புழு, என்கிறார்கள். ரொமொப்ரெறிஸ் என்று இன்னொன்றும் வருகிறது. இவை எங்கள் கரைக்கு வருமா? எந்தக் குடும்பம், எந்தக் கடலில் பரவியிருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உவர்நீர்
படம் எங்கே?

முனைக்காற்று
போனில் எடுத்தேன். வெள்ளைக் கோடு மட்டும்தான் விழுந்திருக்கிறது. அதைப் போட்டால் நீங்கள் நூல் துண்டு என்பீர்கள்.

சோளகம்
தம்பி, முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். நீந்துகிற புழு எல்லாம் நடுக்கடல் புழு ஆகிவிடாது. பொலிகீற்றாவில் பத்தாயிரத்துக்கு மேல் இனங்கள் உண்டு. பெரும்பாலானவை சேற்றிலும் மணலிலும் கல்லிடுக்கிலும் வாழ்பவை. அவற்றில் பலவற்றின் குடம்பிகள் சில நாளோ சில வாரமோ தண்ணீரில் மிதந்துவிட்டுக் கீழே இறங்கிவிடும். இன்னும் சில, வாழ்நாள் முழுக்க அடியில் கிடந்துவிட்டு, இனம்பெருக்க மட்டும் ஓர் இரவு மேலே வரும். முட்டையிலிருந்து சாவு வரைக்கும் அடியைத் தொடாமல் தண்ணீருக்குள்ளேயே வாழ்பவை இனக்கணக்கில் நூறைச் சுற்றித்தான் இருக்கும். நீங்கள் கேட்கும் நடுக்கடல் புழு என்றால் அந்த நூறுதான்.

அந்தக் கூட்டத்தில் முதல் பெயர் ரொமொப்ரெறிஸ். 1825இல் எஷ்ஷோல்ட்ஸ் பெயரிட்ட பேரினம். கண்ணாடி மாதிரி உடம்பு, இரு பக்கமும் துடுப்பு வரிசை, தலையிலிருந்து பின்னால் வளைந்து போகும் இரண்டு நீள மீசை. பொலிகீற்றா என்ற சொல்லுக்கே "பல மயிர்" என்றுதான் பொருள். ஆனால் இதன் துடுப்புகளில் ஒரு மயிர்கூட இல்லை! முள் இருப்பது அந்த நீள மீசைக்குள் மட்டும். மயிரில்லாத மயிர்ப்புழு. அதனால் உங்கள் போத்தல் புழுவைக் கைக்கண்ணாடியால் பாருங்கள். பக்கவாட்டில் மயிர்க்கற்றை தெரிந்தால் ரொமொப்ரெறிஸ் கதை அங்கேயே முடிந்தது.

முத்துநகர்
தூத்துக்குடியில் இருந்து ஒரு வணக்கம். அது டோமோப்டெரிஸ் அண்ணாச்சி. ரொமொப்ரெறிஸ் என்று படித்ததும் ஏதோ புதுப் பேரினம் என்று ஐந்து நிமிஷம் தேடிக்கொண்டிருந்தேன்.

சோளகம்
நாங்கள் எழுதுவது அப்படித்தான். நீங்கள் டோ போடுங்கள், நாங்கள் ரொ போடுகிறோம், புழுவுக்கு இரண்டும் தெரியாது. சரி, சமாதானமாக டொமொப்டெரிஸ் என்று வைத்துக்கொள்வோம்.

முத்துநகர்
டொமொப்டெரிஸ் பற்றி இன்னொன்று சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அதிலேயே ரொம்பப் பிடித்தது இதுதான். கடலில் ஒளிரும் உயிர்களில் பெரும்பாலானவை நீலமாகத்தான் ஒளிரும். நீலம்தான் தண்ணீரில் தூரம் போகும், அங்கே இருக்கும் கண்களும் பெரும்பாலும் நீலத்துக்கே பழகியவை. டொமொப்டெரிஸில் பல இனங்கள் மஞ்சளாக ஒளிரும். பக்கத்தில் இருக்கும் மீனுக்கு அது சரியாகத் தெரியாமலே போகலாம். தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வெளிச்சமோ என்று ஒரு யோசனை உண்டு. தொந்தரவு செய்தால் ஒளிரும் என்பதால் தற்காப்பு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

பழைய வாத்தியார்
பிள்ளைகளே, ஒரு சந்தேகம். நான் உயர்தரத்துக்கு விலங்கியல் படிப்பித்த காலத்தில் பொலிகீற்றாவை இரண்டாகப் பிரித்தோம். ஓடித்திரிபவை எறான்ரியா, குழாய்க்குள் குந்தியிருப்பவை செடென்ரேரியா. இடையில் அந்தப் பிரிவு பிழை, அதை விடுங்கள் என்றார்கள். இப்போது பேத்தி வைத்திருக்கும் குறிப்பில் திரும்ப அதே பெயர்கள். யார் சொல்வதைக் கேட்பது? நடுக்கடல் புழுக்கள் இதில் எங்கே வரும்? நீந்துவதால் எல்லாம் எறான்ரியாதானே?

சோளகம்
சேர், நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். பொலிகீற்றா என்ற பெயர் 1850இல் குரூபே வைத்தது. எறான்ரியா, செடென்ரேரியா இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரிப்பு, நடையுடை பார்த்துப் பிரித்தது. 1977இல் ஃபோஷால்ட் அதைக் கைவிட்டுக் குடும்பங்களை வரிசை வரிசையாக அடுக்கினார். 1997இல் ரௌஸும் அவரும் சேர்ந்து உடலமைப்பை வைத்துப் புது மரம் வரைந்தார்கள். 2011இல் ஸ்ட்ரக் குழுவினர் மரபணுத் தரவை வைத்துப் பார்த்தபோது, பழைய அந்த இரண்டு பிரிவும் கிட்டத்தட்டத் திரும்ப எழுந்து வந்தன. ஆனால் உள்ளே இருப்பவர்கள் கொஞ்சம் மாறிவிட்டார்கள். மண்புழுவும் அட்டையும் செடென்ரேரியாவுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. அப்படியென்றால், பொலிகீற்றா என்று தனியாக ஒரு கூட்டம் கிடையாது. மண்புழுவை வெளியே விட்டுவிட்டு வைத்த பெயர் அது. அறிந்தவர்களும் பழக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நானும்தான்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: இல்லை சேர், எல்லாம் எறான்ரியா இல்லை. பெரும்பங்கு அங்கேதான், ஃபிலொடொசிடா என்ற வரிசைக்குள். டொமொப்டெரிட்டுகள், பெரிய கண் அல்சியோபாக் கூட்டம், டிஃப்லோஸ்கோலெக்ஸ் கூட்டம், லோபடோறிங்கஸ் கூட்டம், ஐயோஸ்பிலஸ், பொன்டொடோரா எல்லாம் அங்கே. பொன்டொடோராவுக்குக் குடும்பம் முழுக்க ஒரே ஓர் இனம். ஆனால் வட பசிபிக்கில் போயோபியஸ் என்று ஒன்று இருக்கிறது, பார்த்தால் ஜெலிப் பை. 1930இல் ஹீத் விவரித்தபோது, வளையம், மயிர் எதுவும் இல்லாததால் இரண்டு பெருங்கணங்களுக்கு நடுவில் நிற்கும் உயிரோ என்று யோசித்தார்கள். இப்போது ஃபிளபெல்லிஜெரிடே என்ற சேற்றுப்புழுக் குடும்பத்துக்குள் போய்விட்டது, அதாவது செடென்ரேரியா. பச்சையாக ஒளிரும் குண்டு வீசும் ஆழ்கடல் புழு ஸ்வைமாவும் அந்தப் பக்கத்துச் சொந்தம்தான். கலிபோர்னியாவின் மொன்ரேறே விரிகுடாவில் 2007இல் விவரித்த, பன்றிப் பின்புறம் போன்ற கேட்டொப்டெரஸ் என்ற புழு ஒன்று உண்டு. அது இரண்டு பிரிவுக்கும் வெளியே, வெகு முன்பே பிரிந்த கிளை.

நான் படிப்பிக்கும்போது சொல்வது இதுதான். கனடாவில் பனிக்காலத்தில் பஸ் தரிப்பில் நிற்கும் ஆறு பேரைப் பாருங்கள். ஒருவர் காரைநகர், ஒருவர் கரவெட்டி, ஒருவர் மட்டக்களப்பு. எல்லாரும் ஒரே மாதிரித் தடித்த ஜக்கெற், ஒரே தொப்பி. பார்க்கிறவன் ஒரு குடும்பம் என்றுதான் நினைப்பான். நடுக்கடலில் எலும்பில்லாமல் மிதக்க வேண்டும், ஒளிய ஒரு கல்லும் இல்லை. அதனால் வெவ்வேறு ஊரிலிருந்து போன புழுக்கள் எல்லாம் கண்ணாடி உடம்பும் ஜெலியுமாக மாறிவிட்டன. பழைய ஆட்கள் பார்த்தது ஜக்கெற்றை.

பழைய வாத்தியார்
உதாரணம் விளங்கிற்று. என் மகனும் அந்தப் பஸ் தரிப்பில்தான் நிற்கிறான்.

உவர்நீர்
அல்சியோபா தனிக் குடும்பம் இல்லையா? நான் படித்த இடத்தில் அல்சியோபிடே என்று இருந்தது.

முத்துநகர்
பழைய நூல்களில் அப்படித்தான் இருக்கும். இப்போது அதை ஃபிலொடொசிடே குடும்பத்துக்குள் ஒரு கிளையாக வைக்கிறார்கள். கரையில் கல்லிடுக்கில் ஊரும் பச்சை இலைத்துடுப்புப் புழு இருக்கிறதே, அதன் பங்காளி. நடுக்கடலுக்குப் போனதும் கண் பெருத்துவிட்டது. எவ்வளவு என்றால், 2024இல் இத்தாலியின் பொன்சா தீவுப் பக்கம் பிடித்த, இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த வனாடிஸை வைத்து மைக்கேல் பொக், ஆண்டர்ஸ் கார்ம் குழு எழுதியதில், தலையின் மற்றப் பாகம் எல்லாம் சேர்ந்த எடையைப் போல இருபது மடங்கு கண்களின் எடை என்று சொன்னார்கள். நம் உடம்புக்குக் கணக்குப் போட்டால் தலைக்கு மேலே இரண்டு பூசணிக்காயைச் சுமக்க வேண்டும். வில்லை, விழித்திரை எல்லாம் உள்ள, உருவம் காணும் கண் அது.

சின்ன வயசுக் கதை இன்னும் சுவாரசியம். இந்தக் கூட்டத்தில் சிலதின் குஞ்சுகள் சீப்பு ஜெல்லிக்குள் ஒட்டுண்ணியாக வளரும்.

சோளகம்
இந்த இடத்தில் என் பழைய வயிற்றெரிச்சல் ஒன்றைக் கொட்டிவிடுகிறேன். மாணவனாக இருந்தபோது கிழக்குக் கடலிலிருந்து வந்த மிதவைவலை மாதிரிகளைப் பிரிக்கும் வேலை கிடைத்தது. ஃபோர்மலின் வாசத்தில் கண் எரிய எரிய, ஒரு சின்னப் பீங்கான் தட்டில் ஊசியால் தள்ளித் தள்ளி எண்ண வேண்டும். அம்புப்புழுக்கள் நிறைய, அம்பு மாதிரி மெல்லிய மிதவை உயிர்கள், பொலிகீற்றா இல்லை. அவற்றில் சிலதுக்குத் தலை இல்லை. கழுத்தோடு சுத்தமாகப் போயிருந்தது. மேற்பார்த்தவர், "ஊசியைக் குத்திக் குத்தி மாதிரியை நாசம் பண்ணியிருக்கிறாய்" என்று எல்லார் முன்னாலும் ஏசினார். எனக்கும் என் கைதான் பிழை என்றே தோன்றியது.

பல வருடம் கழித்து ஃபெய்கன்பவும் 1979இல் எழுதிய கட்டுரை கண்ணில் பட்டது. தலையில்லாத அம்புப்புழுக்களுக்கு ஒரு விளக்கம்: டிஃப்லோஸ்கோலெக்ஸ் கூட்டத்துப் பொலிகீற்றாக்கள் அம்புப்புழுவின் தலையைக் குறிவைத்துத் தின்கின்றன. பெயரிலேயே குருடு. டிஃப்லோஸ் என்றால் கண்ணில்லாதது. கண்ணில்லாத புழு தலையைத் தேடித் தின்கிறது! என் தட்டில் காணாமல் போயிருந்த தலைகள் எல்லாம் அப்படிப் போனவையா என்று எனக்குச் சொல்ல ஏலாது. ஆனால் அந்தக் குற்றப்பத்திரிகையிலிருந்து பாதி விடுதலை கிடைத்தது.

முனைக்காற்று
சோளகம் அண்ணை, கைக்கண்ணாடி பக்கத்து வீட்டு நகை வேலைக்காரரிடம் வாங்கிவிட்டேன். பக்கவாட்டில் மயிர் இருக்கிறது, கற்றை கற்றையாக. டொமொப்டெரிஸ் இல்லை. ஆனால் வனாடிஸ் இன்னும் சாத்தியம்தானே? பரவல் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

முத்துநகர்
பரவலுக்கு வருவோம். கரைப் புழுவுக்கு எல்லை பாறை, மணல், சேறு. நடுக்கடல் புழுவுக்கு எல்லை தண்ணீரே. வெப்பமும் உப்பும் மாறும் இடம்தான் வேலி. நார்மன் டெபிள் 1960இல் தென் அட்லான்டிக்குக்கும் 1962இல் வட பசிபிக்குக்கும் இதைத்தான் காட்டினார். இனங்களின் வரைபடத்தை நீர்த்திரள்களின் வரைபடத்தின் மேல் வைத்தால் பெரும்பாலும் பொருந்தும். டொமொப்டெரிஸ் கார்பென்டெரி தென்முனைப் பெருங்கடலின் குளிரை விட்டு வராது. போயோபியஸ் வட பசிபிக். வனாடிஸ், டொரியா போன்ற பெரிய கண்காரர்கள் முக்கியமாக வெப்பக் கடல்களில், அதுவும் வெளிச்சம் எட்டும் மேல் நீரில். பெலகோபியா லொங்கிசிர்ராட்டா என்ற பொடியன் மட்டும் மேற்பரப்பிலிருந்து மிக ஆழம் வரை, கிட்டத்தட்ட எல்லாப் பெருங்கடலிலும் பதிவாகியிருக்கிறான்.

பாசிக்கரை
"எல்லாப் பெருங்கடலிலும்" என்ற சொல்லைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். இவை வலையில் அகப்பட்டால் கிழியும், ஃபோர்மலினில் போட்டால் சுருங்கும், மீசை உதிரும். நிறம் ஒரு நாளில் போய்விடும். அப்படிப்பட்ட துண்டுகளைப் பார்த்து நூறு வருடத்துக்கு முன் ஒருவர் அட்லான்டிக்கில் வைத்த பெயரை, இன்னொருவர் இந்து சமுத்திரத்துத் துண்டுக்கும் ஒட்டிவிடுகிறார். உலகம் முழுக்க ஒரே இனம் என்று தோன்றுவது அதனால்கூட இருக்கலாம். மரபணு பார்க்கத் தொடங்கிய பிறகு ஒரே பெயருக்குக் கீழே பல இனம் ஒளிந்திருப்பது பல கடல் உயிர்களில் தெரிந்துவிட்டது.

முத்துநகர்
ஒப்புக்கொள்கிறேன். நம் கடல் விஷயத்தில் இன்னொரு குறையும் உண்டு. 1959 முதல் 1965 வரை நடந்த சர்வதேச இந்துமாக்கடல் ஆய்வுப் பயணத்தில் பல நாட்டுக் கப்பல்கள் வலை இழுத்தன, மாதிரிகள் கொச்சியில் பிரிக்கப்பட்டன. அந்தப் பொது வலை 200 மீட்டரிலிருந்து மேலே இழுப்பது. அதற்குக் கீழே என்ன இருந்தது என்று அந்த வலையிடம் கேட்க முடியாது. ஸ்வைமாவை எடுத்துக்கொள்ளுங்கள், 1,800 மீட்டருக்கும் கீழே வாழ்வது. வலையால் யாரும் பிடித்துத் தெரிந்துகொள்ளவில்லை, இயந்திர நீர்மூழ்கி போய் அப்படியே உறிஞ்சி எடுத்து வந்ததால் 2009இல் உலகத்துக்குத் தெரிந்தது. செலிபிஸ் கடலின் கணவாய்ப்புழு என்ற ஆழ்கடல் பொலிகீற்றாவும் அப்படித்தான். வரைபடத்தில் வெற்றிடம் இருந்தால் புழு இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சோளகம்
எங்கள் பக்கத்துக்குப் பழைய பதிவு என்றால் ஹேர்ட்மன் 1902இல் மன்னார் முத்துச்சிப்பிப் பார்களில் சேகரித்ததை வில்லி 1905இல் எழுதியதுதான் நினைவுக்கு வருகிறது. முத்துப்பார்களில் சேகரித்தால் கையில் வருவது பெரும்பாலும் அடிப்புழு.

முனைக்காற்றுத் தம்பிக்கு: மேற்கே பாக்கு விரிகுடா பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீற்றர், எங்கள் ஆட்கள் கணக்கில் ஆறேழு பாகம். குடாநாட்டுக் கடல்நீரேரியில் பல இடத்தில் நடந்தே போகலாம். ஆழத்துக்குப் பழகிய, உப்பு ஏறி இறங்காத தண்ணீரில் வாழும் ஒன்றுக்கு அது வீடு இல்லை. முனை கொஞ்சம் வித்தியாசம். வாடை தொடங்கினால் வங்காள விரிகுடாத் தண்ணீர் கரையோரமாகத் தெற்கே இறங்கும், அதோடு நடுக்கடல் உயிர்கள் அள்ளுப்பட்டு வரலாம். டொமொப்டெரிஸில்கூட வட கடல் போன்ற ஆழம் குறைந்த இடத்தில் வாழும் இனம் உண்டு. ஆகவே வரவே வராது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரே இடத்தில், ஒரே வட்டத்தில், முப்பது? அமாவாசை ஒட்டி? எனக்கு வேறு ஆள் மேல் சந்தேகம். கண் எத்தனை என்று எண்ணுங்கள். பெரிய கண் என்று சொன்னீர்கள், எண்ணிக்கை சொல்லவில்லை.

கொண்டல்
குறுக்கே வருவதற்கு மன்னிக்க வேண்டும். நான் படித்தவன் இல்லை, பலநாள் கலத்தில் போகிறவன். திருகோணமலையிலிருந்து இறங்கினால் துறைமுக வாயிலிலேயே கிடங்கு தொடங்கிவிடும், கொஞ்சத் தூரத்தில் அடி தெரியாத ஆழம். இரவில் கணவாய்க்கு லைற் போடும்போது நீங்கள் சொல்கிற மாதிரி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். உடம்பு தெரியாது. தண்ணீருக்குள் இரண்டு சிவப்பு மூக்குத்தி அருகருகே நகர்ந்து போகும், பின்னால் ஒன்றும் இல்லை. வாளியில் அள்ளினால் வாளி வெறுமை மாதிரி இருக்கும். கையை விட்டால் வழுவழு என்று ஏதோ படும். ஒரு முழத்துக்குக் கிட்ட நீளம் இருந்தது ஒன்று. நாங்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை, திரும்ப ஊற்றிவிட்டோம்.

முத்துநகர்
அண்ணாச்சி! திரும்ப ஊற்றிவிட்டீர்களா!

சோளகம்
கொண்டல் அண்ணை, நீங்கள் சொன்ன அந்த இரண்டு மூக்குத்திக்காகத்தான் நாங்கள் இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருக்கிறோம். பெரிய கண் அல்சியோபாக் கூட்டத்துக்கு அப்படியே பொருந்துகிறது. உடம்பு கண்ணாடி, கண் மட்டும் செம்மஞ்சள். உடம்பை ஒளிக்கலாம், பார்க்கிற கண்ணுக்கு நிறமி வேண்டும், அதை ஒளிக்க வழியில்லை. கையில் இல்லாமல் பெயர் சொல்லமாட்டேன், ஆனால் இடம் சரி, ஆழம் சரி, நடமாட்டமும் சரி.

முனைக்காற்று
எண்ணிவிட்டேன். நாலு கண். இரண்டு முன்னால், இரண்டு பின்னால், பக்கத்துக்கு இரண்டாக ஒட்டிக்கொண்டு இருப்பதால் வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. இன்னொன்று. காலையில் பார்த்தபோது ஒரு போத்தலில் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெள்ளையாகப் போயிருந்தது. புழு அடியில் சுருங்கி வெறும் தோலாகக் கிடந்தது. மற்றதன் பின்பாதி மயிரைப் பார்த்தேன், ஊசி மாதிரி இல்லை, துடுப்பு மாதிரித் தட்டையாக விரிந்திருக்கிறது.

சோளகம்
முடிந்தது கேஸ். நெரெயிட் தம்பி, நெரெயிடிடே குடும்பம். உங்கள் ஜெற்றிக் கல்லுக்குள்ளோ பக்கத்துச் சேற்றுக்குள்ளோ இவ்வளவு நாளும் ஒளிந்திருந்த ஆள். இனம்பெருக்கக் காலம் வந்ததும் கண் பெருக்கும், பின்பாதிக்குத் துடுப்பு மயிர் முளைக்கும், அதனால்தான் முன்னுக்கும் பின்னுக்கும் நிறம் வேறு. நிலாக் கணக்குப் பார்த்து மேலே வந்து சுழலும். பால் போலக் கலந்தது விந்து, அது ஆண். விட்டதும் பெரும்பாலும் சாவுதான். சமோவாவில் பலோலோ என்று அள்ளிச் சாப்பிடுகிறார்களே, அது வேறு குடும்பம், ஆனால் தொழில் இதே தொழில். அங்கே புழுவின் பின்துண்டு மட்டும் கழன்று மேலே வரும்.

பழைய வாத்தியார்
ஓர் இரவு ஜக்கெற் போட்டுக்கொண்டவர் என்று சொல்லுங்கள்.

முனைக்காற்று
கொஞ்சம் ஏமாற்றம்தான். வனாடிஸ் என்று தம்பியிடம் பெருமையாகச் சொல்லிவைத்தேன்.

சோளகம்
ஏமாற்றம் வேண்டாம், திகதியையும் நிலாவையும் குறித்து வையுங்கள். அடுத்த அமாவாசைக்கும் போய் எண்ணுங்கள். கொண்டல் அண்ணை, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மூக்குத்தி வந்தால் முதலில் வெள்ளைக் கிண்ணத்தில் கடல்நீரோடு வைத்து உயிரோடு ஒரு படம். பிறகு பின்பக்கம் ஒரு துண்டைக் கடும் அல்ககோலில் போடுங்கள், ஃபோர்மலின் மரபணுவைக் கெடுத்துவிடும். மிச்ச உடம்பை வேறு போத்தலில். எந்த இடம், எத்தனை மணி என்று ஒரு கடதாசியில் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனை மை கரைந்துவிடும். பெயர் கரைந்துபோன போத்தல்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கொண்டல்
பென்சில் இருக்கிறது, போத்தலும் இருக்கிறது. மீன் ஐஸ் பெட்டிக்குள் புழு வைத்தால் ஸ்கிப்பர் ஏசுவார்.

முத்துநகர்
இரை என்று சொல்லிவிடுங்கள் அண்ணாச்சி.

கொண்டல்
அதுதான் பயம். சொன்னால் எடுத்துத் தூண்டிலில் குத்திவிடுவார்.